மாதிரிக் கார் செய்யும் பிள்ளையும் வீட்டுக் காற்றும்



பிள்ளைகளின் ஓய்வு நேரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், கைத்தொலைபேசியைக் குறைகூறிவிட்டு முடித்துக்கொள்வது நமக்கெல்லாம் வழக்கமாகிவிட்டது. அந்தக் கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கைவேலையில் அமர்கின்ற பிள்ளைகளும் நம் தோட்டங்களில் இல்லாமல் இல்லை. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை, பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி, வண்ணம் தீட்டி, சிறிய மாதிரிக் கார் ஒன்றைச் செய்ய முற்பட்டான். அதனால் அவன் வீட்டில் நேர்ந்த கலகத்தையும், அதில் நம்முடைய தவறு எவ்வளவு என்பதையும், அந்த வேலையைத் தீங்கின்றிச் செய்வது எப்படி என்பதையும் இன்று சொல்ல விழைகிறோம்.

தீபாவளி கழிந்து இரண்டு வாரம் இருக்கும். பள்ளி விடும் நேரத்தில், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தந்தையார் வாசலில் வந்து நின்றார். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பது அவர் வேலை. நம் பேச்சில் சொன்னால் மருந்தடிப்பவர். வேலை முடிந்து ரப்பர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே வந்திருந்தார். ஒரு கையில் பசைக் குழாய். மறு கையில் சர்பத் போத்தல் ஒன்று. அதன் அடியில் இரண்டு விரற்கடை அளவுக்கு நிறமற்ற நீர்.

"சார், இது ரெண்டும் என் பையன் பையில இருந்திச்சு. கம் மோந்து பார்க்கப் பழகிட்டான்னு நெனச்சு நேத்து ராத்திரி பெல்ட்டால அடிச்சிட்டேன். நீங்க கொடுத்ததுன்னு சொல்றான். நெசமா?"

உண்மைதான். இரண்டையும் கொடுத்தவர் நாமே.

அந்தப் பையனின் தாய்மாமன் ஜொகூர் பாருவில் வேலை செய்பவர். தீபாவளிக்கு வந்தவர், மருமகனுக்கு ஒரு மாதிரிக் கார்ப் பெட்டி வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தால் ஏராளமான துண்டுகள். ஆனால் பசையும் இல்லை, வண்ணமும் இல்லை. இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் விற்கப்படுகின்றன. தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். பையன் பெட்டியைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கைவினைப் பாடம் பயின்ற காலத்திலிருந்து நமக்கும் இதில் ஓர் ஈடுபாடு உண்டு. ஆகவே, மகிழ்ச்சியோடு நம்மிடமிருந்த பசைக் குழாயைக் கொடுத்தோம். தூரிகை கழுவுவதற்கென்று நம் டின்னிலிருந்து கொஞ்சம் தின்னரையும் கையில் கிடைத்த ஒரு காலிப் போத்தலில் ஊற்றிக் கொடுத்தோம். எப்படிப் பயன்படுத்துவது, எங்கே உட்கார்ந்து பயன்படுத்துவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டாருக்குச் சீட்டு எழுதி அனுப்பவும் இல்லை.

தந்தையாரின் அச்சத்தைப் பழிக்க முடியாது. பசையிலும் தின்னரிலும் கலந்துள்ள டொலுவீன் போன்ற கரைப்பான்களை வேண்டுமென்றே முகர்ந்து மயங்கும் பழக்கம் பல குடும்பங்களைச் சீரழித்திருக்கிறது. சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டிலேயே இதற்கென்று தனிச் சட்டம் இயற்றினார்கள் என்றால், நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஆவி மூளையையும் நரம்பையும் கெடுக்கக்கூடியது. சில வேளைகளில் இதயத் துடிப்பைத் திடீரென்று நிலைகுலையச் செய்து உயிரையே பறித்துவிடும். முதன்முறை முகர்ந்தவர்களுக்கும் அது நேர்ந்ததுண்டு. ஒரு தகப்பன் பதறாமல் இருப்பாரா?

பையனை அழைத்து மூவரும் அமர்ந்து பேசினோம். அவன் முகரவில்லை, காரைத்தான் ஒட்டியிருக்கிறான். ஆனால் ஒட்டிய இடத்தைக் கேட்டபோது நமக்கே பகீரென்றது. இரவு ஒன்பது மணிக்குமேல், படுக்கும் அறையில், தரையில் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறான். கொசு வருமென்று சன்னல் சாத்தியிருந்தது. காலடியில் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. ஒரு முழத் தூரத்தில், பாயில், இரண்டு வயதுத் தங்கை உறங்கிக்கொண்டிருந்தாள். தின்னர் போத்தலின் மூடி திறந்தே இருந்திருக்கிறது. "தலை வலிச்சிச்சு சார், தூக்கம் வராததாலன்னு நெனச்சேன்" என்றான்.

தந்தையார் சிறிது நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு அந்தச் சர்பத் போத்தலை மேசைமேல் வைத்தார். "மருந்தைத் தண்ணிப் போத்தல்ல ஊத்தாதீங்க, பிள்ளைங்க குடிச்சிடும்னு எங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. படிச்ச நீங்க ஊத்திக் கொடுத்திருக்கீங்களே, சார்."

அதற்கு நம்மிடம் பதில் இல்லை. மன்னிப்புத்தான் கேட்டோம். குடிபானப் போத்தலில் இருந்த களைக்கொல்லியைத் தவறிக் குடித்து மாண்டவர்களின் கதையை அறியாத தோட்டம் ஏது? பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது; ஆனால் போத்தல் மாற்றும் பழக்கத்துக்கு எந்தச் சட்டமும் தடைபோட முடியாது. மகனைத் தவறாகச் சந்தேகித்தார் தந்தை. போத்தலைச் சரியாகச் சந்தேகித்தார்.

இனி, வேலைக்கு வருவோம்.

பெட்டிக்குள் இருப்பது பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக். உருக்கி அச்சில் பாய்ச்சி எடுப்பதால், துண்டுகள் எல்லாம் ஒரு சட்டத்தில் கிளை கிளையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இந்தப் பொழுதுபோக்குக்கும் தோட்டத்துக்கும் ஒரு சிறு உறவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 1939ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1940களின் இறுதியில் முதன்முதலாகச் செய்த மாதிரி வண்டி ஒரு பெர்குசன் டிராக்டர். நம் தோட்டங்களில் பால் ஏற்றியும் பழக்குலை ஏற்றியும் ஓடியது அந்தப் பெயர்கொண்ட டிராக்டர்தானே! ஜப்பானில் சிசுவோக்கா நகரில் 1946இல் மர வியாபாரமாகத் தொடங்கிய தமியா நிறுவனம், மரத்தில் மாதிரிகள் செய்து, 1960இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது.

மாமன் வாங்கி வந்தது வோக்ஸ்வேகன் பீட்டில். ‘கெரெத்தா கூரா கூரா’, அதாவது ஆமைக் கார் என்று மலாய் நண்பர்கள் செல்லமாகச் சொல்வார்களே, அதுதான். பெட்டியின் மேல் 1/24 என்று அச்சிட்டிருக்கும். உண்மைக் கார் 24 அங்குலம் என்றால் மாதிரி ஓர் அங்குலம் என்று பொருள். உண்மையான பீட்டிலின் நீளம் ஏறக்குறைய 408 சென்டிமீட்டர். 24ஆல் வகுத்தால் 17 சென்டிமீட்டர். பையனிடம் அளவுகோலைக் கொடுத்து, "உன் அப்பாவை இந்தக் காரில் ஏற்ற வேண்டுமென்றால் எவ்வளவு உயரத்துக்குப் பொம்மை செய்வாய்?" என்று கேட்டோம். அப்பாவைச் சுவரோரம் நிற்கவைத்து அளந்தான். 168 சென்டிமீட்டர். வகுத்துப் பார்த்து, "ஏழு சார்!" என்றான். வகுத்தல் கணக்கில் திணறுகிற பையன் அவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் காரின் இயந்திரம் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. தண்ணீரால் அன்று, காற்றால் குளிரூட்டப்படுகிறது என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொண்டான். இத்தனையும் ஒரு பெட்டியில் கிடைக்கும்போது, ஆபத்து என்று சொல்லி அதை அடுப்பில் போடுவதா?

துண்டுகளைச் சட்டத்திலிருந்து முறுக்கிப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் உடலோடு சதை வந்ததுபோலத் துண்டிலும் பள்ளம் விழும். சிறிய வெட்டுக் குறடு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பழைய நகவெட்டியே போதும். சற்றுத் தள்ளி வெட்டி, மீதியைக் கத்தியால் சீவி, மணல்தாளால் தேய்க்கலாம். மணல்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பிளாஸ்டிக் தூள் பறந்து மூக்கில் ஏறாது. வெட்டும்போது துண்டு தெறித்துக் கண்ணில் படக்கூடும். வெட்டும் பக்கத்தை விரலால் மூடிக்கொண்டு வெட்டப் பழக்குங்கள். கண்ணாடி அணியும் பிள்ளை அணிந்துகொள்ளட்டும்.

கத்தியைப் பற்றிப் பையனின் பாட்டி சொன்னதைவிட நன்றாக நம்மால் சொல்ல முடியாது. முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர் அவர். "மொட்டைக் கத்திதான்யா கையை வெட்டும். கூரான கத்தி நாம சொல்ற எடத்துல நிக்கும்" என்றார். முற்றிலும் சரி. மழுங்கிய அலகை அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலுக்கு வருகிறது. அலகை மாற்றுங்கள். தொடைமேல் வைத்து வெட்டாமல் பலகைமேல் வைத்து வெட்டச் சொல்லுங்கள். கத்தியை நம்மை நோக்கி இழுக்காமல் வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். கழித்த அலகைக் குப்பையில் அப்படியே எறியாமல், மூடியில் கீறல் போட்ட ஒரு டின்னில் போட்டு வையுங்கள். குப்பை அள்ளுபவருக்கும் விரல்கள் பத்துத்தானே. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையிடம் கத்தியைத் தனியே கொடுக்கலாகாது என்பது நம் கருத்து.

இப்போது பசை. இந்தப் பிளாஸ்டிக் பசை நாம் தாள் ஒட்டும் பசையைப் போன்றதன்று. அது ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரண்டு துண்டுகளின் விளிம்பையும் சற்றே உருகவைத்து ஒன்றோடொன்று கலக்கச் செய்கிறது. பிறகு அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் பறந்துவிட, இரு துண்டுகளும் ஒரே துண்டாகி நிற்கின்றன. பறந்துவிடுகிறது என்றோமே, எங்கே பறக்கிறது? அறை மூடியிருந்தால் அறையிலேயே நிற்கிறது. அறையிலிருப்பவரின் நுரையீரலுக்குப் போகிறது.

இங்கே ஒரு செய்தியைத் தாய்மார்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. சாம்பிராணிப் புகைபோல மேலே எழும்பிப் போய்விடாது. தண்ணீரைப்போலத் தாழ்வான இடத்தில் பரவித் தேங்கும். மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவனைவிடத் தரையில் படுத்திருக்கும் குழந்தைக்குத்தான் அது அதிகம் போய்ச் சேரும். கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்துபோய், ஒரு கொசுவர்த்திக் கங்கையோ, சாமி விளக்கையோ, பக்கத்து அறை அடுப்பையோ தொட்டுவிட்டால், தீ அங்கே பிடித்து, வந்த வழியே போத்தலுக்குத் திரும்பி வரக்கூடும். அன்றிரவு அந்த அறையில் அப்படி நேராமற்போனது நற்காலமேயன்றி வேறில்லை. நாமும் அதற்குப் பின் சில இரவுகள் சரியாக உறங்கவில்லை.

இன்னொன்று: மூக்கை நம்பக் கூடாது. நாற்றம் முதலில் கடுமையாகத் தெரியும். சிறிது நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். "வாசம் போயிடுச்சு" என்று பிள்ளை சொன்னால், ஆவி போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். வெளியே போய்ப் பத்து நிமிடம் நின்றுவிட்டு மறுபடி அறைக்குள் நுழைந்து பாருங்கள், உண்மை தெரியும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கண் எரிச்சல் ஆகியவை ஏற்பட்டால் வேலையை அப்போதே நிறுத்தி வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். வாயில் கட்டும் துணியும், மருந்தகத்தில் விற்கும் மெல்லிய முகக்கவசமும் தூளைத் தடுக்குமேயன்றி இந்த ஆவியைத் தடுக்கமாட்டா. அதைத் தடுக்கக் கரி அடைத்த வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும். அது விலை கூடியது. பிள்ளையின் முகத்துக்குச் சரியாகப் பொருந்துவதும் அரிது. ஆகவே நம் போன்றோருக்கு ஏற்றது வெளிக்காற்றுத்தான்.

எனவே அந்தப் பையனின் தொழிற்சாலையை வீட்டின் அஞ்சடிக்கு மாற்றினோம். ஒரு பழைய மேசை, மேலே நாளிதழ், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பகல் வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் பார்வையில் வேலை. பசை வேண்டுமளவு ஒரு பல்குச்சி நுனியில் எடுத்துக்கொண்டதும் குழாயை மூடிவிட வேண்டும். பசை கொஞ்சமாக இருந்தால்தான் கார் அழகாகவும் வரும். வழிந்தால் அந்த இடம் உருகிப்போகும். ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனீன் சேர்ந்த பசை இப்போது கிடைக்கிறது. நாற்றம் இனிமையாக இருக்கும். இனிமையாக இருக்கிறதென்று தீயருகே கொண்டுபோகலாகாது, அதுவும் எரியக்கூடியதே.

சூப்பர் குளூ என்னும் உடனொட்டும் பசையை இந்த வேலைக்குச் சிறுவர்களிடம் கொடுக்காமலிருப்பதே நன்று. விரலும் விரலும் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காதீர்கள். வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். அது பருத்தித் துணியில் சிந்தினால் சடுதியில் சூடேறித் தோலைச் சுட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. அதனால் அதைப் பஞ்சாலோ துணியாலோ துடைக்கக் கூடாது. காரின் கண்ணாடித் துண்டுகளில் பட்டால் அதன் ஆவி வெண்மையாகப் படிந்து கண்ணாடியையும் கெடுக்கும். கண்ணாடிக்குப் பள்ளியில் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதுமானது.

அடுத்து வண்ணம். கடையில் மூன்று வகை கிடைக்கும். அக்ரிலிக் பெரும்பாலும் தண்ணீரில் கழுவத்தக்கது, விரைவில் காயும். எனாமல் மெதுவாகக் காயும்; அதற்கு அதற்குரிய தின்னர் வேண்டும். லேக்கர் எல்லாவற்றினும் கடுமையானது. ஸ்பிரே டின்களில் வருபவற்றுள் பல இந்த வகை. பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கழுவும் அக்ரிலிக்கையும் ஒரு நல்ல தூரிகையையும் வாங்கிக் கொடுங்கள். அதிலும் சில வகைகளில் ஆல்கஹால் கலந்திருக்கும். ஆகவே அஞ்சடியைவிட்டு உள்ளே போக வேண்டாம். தூரிகை நுனியைக் கூராக்க வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கம் பல பிள்ளைகளிடம் உண்டு, பெரியவர்களிடமும் உண்டு. அதை முதல் நாளே தடுத்துவிடுங்கள். வேலைக்கு நடுவே பிஸ்கட், தேநீர் வேண்டாம். கை கழுவிவிட்டுச் சாப்பிடட்டும்.

கடை தொலைவு என்பதற்காகத் தோட்டத்துப் பட்டறையில் மிஞ்சிய பழைய பெயிண்டைக் கொண்டுவந்து பூசுகிறவர்கள் உண்டு. பழைய டின்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். பட்டறைத் தின்னர் இந்தப் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மோட்டார் சைக்கிள் பெட்ரோலில் தூரிகை கழுவுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்ரோல் பட்ட கார்க்கதவு கூழாகிப்போகும். கதவு போனால் போகட்டும்; சிந்திய பெட்ரோலுக்கு ஒரு தீப்பொறியே போதும்.

பூசுமுன் துண்டுகளைச் சவர்க்கார நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும்; அச்சிலிருந்து எடுப்பதற்கெனத் தடவிய எண்ணெய்ப்பசை அதில் ஒட்டியிருக்கும். சிறு துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டாமலேயே பூசிவிடுவது கைக்கு வசதி. ஒரே தடவையில் கெட்டியாகப் பூசாமல், மெல்லியதாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் பூசுக.

காரின் உடலுக்கு மட்டும் ஸ்பிரே அடிக்க வேண்டுமென்று பையன் ஆசைப்பட்டான். தூரிகையின் கோடு விழாமல், உண்மைக் கார்போலப் பளபளப்பு வருமல்லவா! இதைப் பெரியவர்தான் அடிக்க வேண்டும் என்றோம். இங்கேதான் தந்தையார் முன்வந்தார். நாம் டின்னின்மேல் அச்சிட்டதைப் படித்து விளக்கிக்கொண்டிருக்க, அவர் மண்ணிலிருந்து ஒரு புல்லைப் பிய்த்துக் காற்றில் விட்டார். புல் போன திசையைப் பார்த்தார். மகனைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். "காத்து முதுகுப் பக்கம் இருந்து வரணும். மருந்து நம்மளை விட்டுப் போகணும், நம்ம மேல வரக்கூடாது. எதுத்த மாதிரி நின்னா நீதான் குடிக்கிறே" என்றார்.

கல்லூரியில் நமக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. நாள்தோறும் முதுகில் பம்பு சுமந்து, காற்றின் போக்கைப் பார்த்து நடந்து பழகியவரின் அறிவு அது. நீண்ட கைச் சட்டை, கையுறை, கண்ணாடி ஆகியவற்றை அவரே தம் வேலைப் பையிலிருந்து எடுத்துவந்தார். வேலைக்கு அணிந்தவற்றை அப்படியே அணியலாகாது, மருந்து ஒட்டியிருக்கும் என்று, கழுவி வைத்திருந்த வேறு சோடியைக் கொண்டுவந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

காரிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, காருக்கு வெளியே தொடங்கி, மெல்ல நகர்த்திக் காருக்கு வெளியே முடிக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் வண்ணம் வழியும். மழை தூறும் மாலையில் அடித்தால், நம் ஊர்க் காற்றின் ஈரம் பட்டு லேக்கர் பால் படிந்ததுபோல் வெளுத்துப்போகும். வெயில் ஏறிப் பனி காய்ந்த காலை நேரமே ஏற்றது. ஸ்பிரே டின்னை வெயிலிலோ, காருக்குள்ளோ, அடுப்பருகிலோ வைத்தால் வெடிக்கக்கூடும். காலியான டின்னையும் துளைக்கவோ குப்பையோடு எரிக்கவோ கூடாது. தோட்டங்களில் குப்பை கொளுத்தும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

வண்ணம் அடித்த காரைக் காயவைக்கப் படுக்கையறைக்குக் கொண்டுபோனால், பட்ட பாடெல்லாம் வீண். காயும்வரை அதிலிருந்தும் ஆவி வந்துகொண்டே இருக்கும். தூசி விழாமல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அஞ்சடியிலேயே உயரத்தில் வைத்துவிடுங்கள். கருவுற்றிருக்கும் தாய்மாரும், இழுப்பு நோய் உள்ளவர்களும் அந்தப் பக்கம் வராமலிருப்பது நலம்.

தின்னரும் பசையும் வாங்கிய டின்னிலேயே, வாங்கிய பெயர்த்தாளோடு, பிள்ளைக்கு எட்டாத பூட்டிய இடத்தில் இருக்கட்டும். அழுக்குத் தின்னரை லோங்காங்கில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கண்ணாடிச் சாடியில், ‘நஞ்சு’ என்று பெரிதாக எழுதி ஒட்டி வைத்தால், சில நாளில் வண்ணம் அடியில் படிந்துவிடும். மேலே தெளிந்ததை மறுபடி தூரிகை கழுவ எடுத்துக்கொள்ளலாம். துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவிக்காமல், வெளியே விரித்துக் காயவிட்ட பிறகே குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

எவ்வளவு பார்த்தும் தவறு நேர்ந்துவிட்டால்? தின்னரைக் குழந்தை குடித்துவிட்டால், விரலைவிட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். நம் பெரியவர்கள் உடனே செய்ய நினைப்பது அதுதான். ஆனால் வாந்தியின்போது அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் புண்ணாகிவிடும். வாயைத் துடைத்துவிட்டு, போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குப் போங்கள், 999ஐ அழையுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையத்தார் மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் தொலைபேசிவழி ஆலோசனை வழங்குகிறார்கள். அவர்களுக்கும் முதலில் தேவைப்படுவது போத்தலின்மேல் எழுதியிருக்கும் பெயரே. சர்பத் போத்தலில் என்ன பெயர் இருக்கும்? கண்ணில் தெறித்தால், கசக்காமல், ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மயக்கம் வந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வர வேண்டும்.

அந்தக் காரைச் செய்து முடிக்க ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. நிறம் நீலம், தேர்ந்தெடுத்தவர் அம்மா. கடைசி நாளில், உயரத்தில் வைக்க மறந்துவிட்டார்கள். தங்கை எழும்பி நின்று, காயாத முன்மூடியில் ஒரு விரலை வைத்துவிட்டாள். அவள் விரலைத் துடைத்துச் சவர்க்காரமிட்டுக் கழுவினார்கள். காரிலிருந்த விரல் தடத்தை மணல்தாளால் தேய்த்து மீண்டும் அடிக்கலாம் என்று நாம் சொன்னோம். பையன் வேண்டாமென்றுவிட்டான்.

இப்போது கார் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் நிற்கிறது. பையன் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டான். சென்ற மாதம் தந்தையாரைத் தோட்டத்துக் கடையில் பார்த்தோம். பெர்குசன் டிராக்டரின் பெட்டி எங்கே கிடைக்குமென்று கேட்டார். மகனுக்கா என்று கேட்டோம். சிரித்துவிட்டு, "எனக்குத்தான் சார்" என்றார்.